அசையாத பூச்சியம்

சென்ற மாதம் மியூனிக்கில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளை. கணினி நிறுவனம் ஒன்றில் வேலை, வயது முப்பதுக்குள். துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, பரீட்சை எழுதி, தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் அனுமதியும் எடுத்துவிட்டாராம். என் இலக்கத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். பவுடர் வெயிட் பண்ண ஆன்லைன்ல ஒரு டிஜிட்டல் ஸ்கேல் பாத்தேன். மில்லிகிராம் வரைக்கும் காட்டுது. ரிவ்யூ எல்லாம் சூப்பர். வாங்கிடலாமா?"

"காட்டும், தம்பி. காட்டுறதுக்கென்ன?"

"அப்ப அக்யூரேட் இல்லைங்கிறீங்களா?"

"அதைத் தராசிட்டக் கேக்கக் கூடாது. தராசு எப்பவும் தன்னைப் பற்றி நல்லாத்தான் சொல்லும்."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். பத்து நிமிடம் அவருக்குத் தேவையானதைச் சொன்னேன். சொல்லாமல் விட்ட பகுதிதான் பெரியது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் தராசுக்காரன் ஆனது விருப்பத்தால் அல்ல. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். ஜேர்மனிக்கு வந்து, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு கெல்சென்கிர்ச்சனில் தராசு விற்றுத் திருத்தும் ஒரு நிறுவனத்தில் பெட்டி கட்டச் சேர்ந்தேன். பௌதிகப் பட்டதாரி பெட்டி கட்டுவதில் ஒரு வசதி உண்டு: பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். நான்கு வருடம் கழித்துப் பட்டறைக்குள் எடுத்தார்கள். மிச்சக் காலம் முழுவதும் அங்கேதான்.

பட்டறைத் தலைவர் லின்டெமன் அம்மையார், ஜேர்மன் வழக்கில் ஃபிராவ் லின்டெமன். என்னைவிட ஒன்பது வயது இளையவர். உயரமான, மெலிந்த, குரல் உயர்த்தாத பெண். பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். யாராவது சோதனையைச் சுருக்கிச் செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான். செய்தவன் தானாகவே முதலிலிருந்து தொடங்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். நான் இரண்டு முறை அப்படி நிற்க வைத்திருக்கிறேன். மூன்றாம் முறைக்கு எனக்குத் துணிவு வரவில்லை.

காலை ஏழு மணிக்குத் தராசுகளுக்கு மின்சாரம் கொடுப்போம். அதன்பின் அரை மணி நேரம் ஒன்றையும் தொடக்கூடாது. உள்ளே நிறையை உணரும் உலோகத் துண்டு சூடாகி ஒரு நிலைக்கு வர வேண்டும். கதவு, யன்னல் பூட்டு. காற்று ஆடக்கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், கோப்பியோடு. இந்தப் பக்கம் நான், தேத்தண்ணியோடு. அத்தனை வருடத்து அரை மணி நேரங்களிலும் நாங்கள் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். பேசாமல் இருப்பதற்குத்தான் ஆள் இல்லை.

கோவால்ஸ்கி எங்களிடம் வந்தது யூரோ புழக்கத்துக்கு வந்து இரண்டு வருடம் கழித்து. ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இடது கண்ணைச் சுரங்கத்தில் ஒரு கல்துண்டு எடுத்துவிட்டது. வலது கண் நூறு மீற்றருக்கு அப்பால் உள்ள இலக்கை வடிவாகப் பார்க்கும், முழங்கைத் தூரத்தில் உள்ள எழுத்தைப் பார்க்காது. மனைவி இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தில் சுடுவதும், கிழமை நாட்களில் அதற்குத் தோட்டா செய்வதும்தான் அவருடைய வாழ்க்கை.

தோட்டா செய்வதென்றால், சுட்டு முடிந்த பித்தளை உறையை, அதாவது கோதைக் கழுவி, பழைய அளவுக்கு அமுக்கி, அடியில் பொறி தரும் சிறு மூடியைப் புதிதாகப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து இறுக்குவது. மருந்து கூடினால் கோதுக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் அளவு கடந்தால் துப்பாக்கி பின்பக்கமாகத் திறந்துகொள்ளும். பின்பக்கத்தில்தான் சுடுபவரின் முகம் இருக்கிறது. இதற்குப் பாவிக்கும் நிறை அலகு கிறெயின். ஒரு கிராமில் பதினைந்துக்குச் சற்று மேல். அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பார்க்க வேண்டும்.

அவரிடம் இருந்தது பழைய முள்ளுத் தராசு. நல்ல சாமான். ஆனால் முள்ளும் கோடும் ஒன்றாகும் இடம் அவருக்கு இப்போது மங்கல்.

சுரங்கத்து ஜேர்மனை அவர் எல்லோரிடமும் ஒரே மாதிரித்தான் பேசுவார். முதல் நாளே என் பெயருக்கு முன்னால் வரும் 'ஹெர்' என்ற மரியாதைச் சொல் கழன்றுவிட்டது. தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"நாயகம், எனக்கு ஒரு இலத்திரன் தராசு தாரும். பகட்டுச் சாமான் வேண்டாம். பொய் சொல்லாதது வேணும்."

"பொய் சொல்லாதது எங்களிட்ட இல்லை. எவ்வளவு பொய் சொல்லும் எண்டு எழுதி வைச்சிருக்கிறதுதான் இருக்கு."

"அதுவும் சரிதான். என்ர மனிசியும் அப்பிடித்தான்."

மூன்று தராசுகளை மேசையில் வைத்தேன். முதலாவது கிராமில் நூறில் ஒன்றுவரைதான் பிரித்துக் காட்டும். கிறெயினுக்கு மாற்றினால் எண் படிதாண்டிப் போகும், இடையில் விழும் மருந்து அதற்குத் தெரியாது. அதை ஒதுக்கினேன். இரண்டாவது போதுமான நுட்பம் உள்ளது. ஆனால் கடைசி எண் சும்மா இருக்காது, மேலும் கீழுமாக நடுங்கும். பக்கத்தில் கைத்தொலைபேசி அடித்தால் இன்னும் நடுங்கும். மூன்றாவது அசையவே இல்லை. யன்னலைத் திறந்தேன், அசையவில்லை. மேசையைத் தட்டினேன், ஒருமுறை சிலிர்த்துவிட்டு அதே எண்ணில் வந்து நின்றது. உலோகத் தட்டு, ஆகவே மருந்து நிலைமின்னில் ஒட்டாது. சோதனை நிறைகளை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் வைத்தேன். அவர் பாவிக்கும் நிறைக்கு அருகிலுள்ள நிறையைப் பத்து முறை வைத்து எடுத்தேன். பத்து முறையும் ஒரே எண். மூன்றாவதைத்தான் எடுத்தேன்.

நடுங்கிய தராசு உண்மையைச் சொன்னது. நான் அமைதியாக இருந்ததை நம்பினேன். மனிதர்களைத் தெரிவு செய்வதிலும் எனக்கு இந்தப் பழக்கம் உண்டு.

"எண்ணெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரித் தெரியுது," என்றார் கோவால்ஸ்கி. "பூச்சியம் மட்டும்தான் வடிவாத் தெரியுது."

"அப்ப பூச்சியத்தையே குறியா வைப்பம்," என்றேன்.

யாரும் கேட்காமல் நான் கண்டுபிடித்த வழி அது. பழைய முள்ளுத் தராசில், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரே ஒரு முறை மட்டும் மருந்தைச் சரியாக நிறுக்க வேண்டும். அதைத் தட்டோடு புதிய தராசில் வைத்து, பூச்சியப் பொத்தானை அழுத்த வேண்டும். இப்போது சரியான நிறைக்குத் தராசு பூச்சியம் காட்டும். அடுத்ததிலிருந்து, கழித்தல் எண் காட்டும்படி குறைவாகப் போட்டுத் தொடங்கி, பூச்சியம் வரும்வரை தூவினால் போதும். வாசிக்கவே தேவையில்லை.

"கெட்டிக்காரனய்யா நீர்," என்று தோளில் தட்டினார். விற்பனைத் தாளில், பாவனை விளக்கம் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைச் சற்றுப் பெரிதாகவே எழுதினேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவர் தராசைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் இருந்து மூன்று வெற்றுக் கோதுகளை எடுத்து மேசையில் நிறுத்தினார். மூன்றின் அடியிலும் பொறிமூடி இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகிக் கிடந்தது, அழுத்தம் அளவு கடந்ததன் அடையாளம்.

"பெட்டியின்ர கடைசி வரிசை. முதல் ரெண்டுக்கும் துப்பாக்கி முரண்டு பிடிச்சுத் திறந்தது. மூண்டாவதுக்குத் திறக்கேல்லை. உள்ளங்கையால அடிச்சுத் திறந்தன்."

"மருந்தை மாத்தினீரோ?"

"இல்லை. எல்லாம் பழைய சாமான். புதுசா வந்தது உந்தத் தராசு மட்டும்தான்." பிறகு குரலைத் தணித்தார். "நாயகம், என்னிட்ட இருக்கிறது ஒரு கண். அதை உம்மட தராசை நம்பித்தான் வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை போட்டி. நாற்பது தோட்டா செய்து வீட்டில அடுக்கியிருக்கு. சுடலாமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லும்."

வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக ஃபிராவ் லின்டெமன் வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்து நான் கண்ட முதல் தடவை அது.

செவ்வாயும் புதனும் அந்தத் தராசோடு போயின. மட்டம் பார்த்தோம். சூடேற விட்டோம். தட்டின் நான்கு மூலையிலும் நிறை வைத்தோம். அறையைக் குளிரவைத்துப் பார்த்தோம். மின்குமிழை மாற்றிப் பார்த்தோம். மின்கலத்தில் ஓடவிட்டோம். ஒவ்வொரு வரியிலும் 'சரி' என்று எழுதவேண்டி வந்தது. ஒரு தராசு இவ்வளவு நல்லபிள்ளையாக இருப்பதில் எனக்கு எரிச்சல் வந்தது.

புதன் மாலை முதலாளி எட்டிப் பார்த்தார். "பாவனையாளர் பிழை என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள்."

"எந்தப் பிழை?" என்று ஃபிராவ் லின்டெமன் கேட்டார்.

"ஏதோ ஒன்று. வயதான ஆள்."

"ஏதோ ஒன்று என்று எழுத இந்தப் படிவத்தில் இடம் இல்லை."

முதலாளி போனபின், அவர் சோதனைத் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். "ஹெர் நாயகம், நாங்கள் தராசைப் பார்த்துவிட்டோம். அந்த மனிதர் நிறுப்பதை இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கு வரச் சொல்லுங்கள்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வெடிமருந்தைப் பட்டறைக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. மருந்தைப்போலவே சிறு மணியாக, ஒட்டாமல், தனித்தனியாக உதிரும் ஏதாவது வேண்டும். சீனி ஈரம் பிடிக்கும். உப்பும் அப்படித்தான். அன்று வீட்டில் மனைவி ஜெசிந்தாவிடம் வறுத்த ரவை கேட்டேன்.

"என்னத்துக்கு? அங்க உப்புமா கிண்டப் போறியளோ?"

"நிறுக்க வேணும்."

"இஞ்சாருங்கோ, இருபது வருசமா வீட்டில ஒரு கிலோ அரிசி நிறுத்துத் தந்ததில்லை. வெள்ளைக்காரிக்கு ரவை நிறுக்கப் போறாராம்." சொல்லிக்கொண்டே நல்லாக வறுத்து, ஆறவைத்து, போத்தலில் போட்டுத் தந்தார். "கடுகு போடேல்லை எண்டு சொல்லுங்கோ."

வியாழன் காலை கோவால்ஸ்கி தன் கருவிகளோடு வந்தார். தராசு சூடேறும்வரை மூவரும் சும்மா இருந்தோம். பிறகு ஃபிராவ் லின்டெமன், "வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே," என்று சொல்லி விலகி நின்றார்.

அவர் அளவான ரவையை வைத்துப் பூச்சியம் அழுத்தினார். தட்டைக் காலியாக்கி, கரண்டியால் கொஞ்சம் குறைவாகப் போட்டார். பிறகு ஒரு சிறிய பித்தளைக் குழாயை எடுத்தார். விரலால் உருட்ட உருட்ட அதன் நுனியிலிருந்து ரவை ஒவ்வொரு மணியாகத் தட்டில் விழுந்தது. எண் ஏறி ஏறிப் பூச்சியத்தில் நின்றது. நானாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"ஏன் இன்னும் போடுறீர்?"

"பூச்சியம் வந்திட்டுதெண்டு அதுதான் சொல்லுது. நான் அதுக்கு மேல ஒண்டு வரும்வரைக்கும் போடுவன். வந்தவுடன ஒரு மணியைச் சின்ன இடுக்கியால எடுப்பன். சுரங்கத்தில மேற்கூரையை அப்பிடித்தானே தட்டிப் பாக்கிறது? பிழை எங்க தொடங்குதெண்டு பாத்திட்டு ஒரு அடி பின்னால வந்து நிக்க வேணும்."

மிகக் கவனமான மனிதர். ஒரு மணி, ஒரு மூச்சு. இன்னொரு மணி, இன்னொரு மூச்சு. தட்டில் ரவை கூடிக்கொண்டு போவது என் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. தராசு பூச்சியத்தையே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் விரல் வழுக்கி நாலைந்து மணி ஒன்றாக விழுந்தன. அப்போதுதான் எண் ஒன்றுக்குத் தாவியது. அவர் திருப்தியோடு ஒரு மணியைப் பொறுக்கி எடுத்தார்.

ஃபிராவ் லின்டெமன் தட்டைத் தூக்கிக் கண்ணாடிக்கூண்டுக்குள் இருந்த பெரிய தராசில் வைத்தார். நிறை கூடியிருந்தது. தூக்கியதைத் திரும்பச் சின்னத் தராசில் வைத்தார். அது மீண்டும் பூச்சியம் என்றது. தான் விழுங்கியதையும் சேர்த்து அதுதான் இப்போது அதன் பூச்சியம்.

தராசு அசையாமல் இருந்ததன் காரணம் அதுதான். பூச்சியத்தின் அருகில் மெதுவாக வரும் மாற்றத்தை அது நிறை என்று எடுப்பதில்லை. வெப்பத்தால், தூசியால் வரும் சறுக்கல் என்று எடுத்து, பூச்சியத்தைச் சத்தமில்லாமல் நகர்த்திவிடும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. அதை ஒரு சிறப்பம்சமாக எழுதியிருந்தார்கள். எங்கள் சோதனை நிறைகள் எப்போதும் முழுசாக வந்து இறங்கும், அதனால் இந்தக் குணம் எங்கள் முன்னால் தலைகாட்டவே இல்லை. வேறு எண்ணைக் குறியாக வைத்திருந்தால் கோவால்ஸ்கி முன்னாலும் காட்டியிராது. பூச்சியத்தைக் குறியாக வைக்கச் சொன்னவன் நான். அந்த மனிதர் எவ்வளவு பொறுமையாகத் தூவினாரோ, அவ்வளவு பிழை. ஒவ்வொரு தோட்டாவின் பிழையும் அடுத்ததற்குச் சொத்தாகப் போனது.

"அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்," என்று ஃபிராவ் லின்டெமனிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோவால்ஸ்கியிடம், "அந்த நாற்பதும் எங்கே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் போட்டி நடந்த நேரம், நாங்கள் மூவரும் கோவால்ஸ்கியின் சமையலறையில் இருந்தோம். ஃபிராவ் லின்டெமன் பட்டறையின் நல்ல தராசைத் தன் காரின் முன் இருக்கையில் வைத்து, பட்டி கட்டிக் கொண்டுவந்திருந்தார். மட்டம் பார்த்தார். மின்சாரம் கொடுத்தார். "அரை மணி நேரம்," என்றார். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டார். யாரும் பேசவில்லை. அப்படி ஓர் அமைதியை அதற்குப் பிறகு நான் எங்கும் காணவில்லை, கோயிலிலும் காணவில்லை.

மருந்தைத் தொட எனக்கும் அனுமதி இல்லை, ஃபிராவ் லின்டெமனுக்கும் இல்லை. அனுமதி கோவால்ஸ்கிக்கு மட்டும். ஆகவே குண்டைக் கழற்றுவதும், மருந்தைத் தட்டில் கொட்டுவதும் அவர். எண்ணை வாசிப்பது நான். எழுதுவது ஃபிராவ் லின்டெமன். கையை மடியில் வைத்துக்கொண்டு, சரியான நிறைக்கு மேல் பத்தில் எத்தனை கிறெயின் என்று மட்டும் வாசித்தேன்.

"பூச்சியம். பூச்சியம். பூச்சியம். ஒன்று."

"பரவாயில்லை," என்றார் கோவால்ஸ்கி.

"ஒன்று. இரண்டு. இரண்டு. மூன்று."

ஐந்து என்பது அவருடைய தோட்டா செய்யும் கைநூல் போட்டிருந்த மேல் எல்லை. பதினான்காவது தோட்டாவில் அதைத் தாண்டினோம். நான் வாசித்துக்கொண்டே போனேன். எண் ஒருமுறையேனும் திரும்பி இறங்காதா என்று நான் ஏங்கியதுபோல் வேறெதற்கும் ஏங்கியதில்லை. அது இறங்கவில்லை. முப்பதாவதில் பதினாறு. நாற்பதாவதில் இருபத்துமூன்று.

"திரும்ப வாசியும்."

"இருபத்துமூன்று."

கோவால்ஸ்கி குண்டு கழற்றும் குறட்டை மேசையில் வைத்தார். வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நாயகம், நீர் இன்னும் இருக்கிறீரோ?"

"ஓம். இருக்கிறன்."

"அப்ப தண்ணி கொதிக்கக் கேத்திலை வையும்," என்று கையை எடுத்தார்.

திங்கள் காலை அறிக்கை எழுதவேண்டி இருந்தது. பிழையின் காரணம் என்ற பத்தியில் நானே முந்திக்கொண்டு எழுதினேன்: பிழையான பாவனை விளக்கம். கொடுத்தவர், ம. நாயகம். ஃபிராவ் லின்டெமன் வாசித்தார். பேனையை எடுத்து என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார், அளவுகோல் வைத்ததுபோல் நேராக. கீழே எழுதினார்: பட்டறையின் சோதனை முறை முழுமையற்றது. மெதுவாகச் சேரும் நிறையைச் சோதிக்கவில்லை. பொறுப்பு, லின்டெமன்.

"அது உண்மை இல்லை," என்றேன்.

"அதுவும் உண்மை. உங்கள் பெயர் இங்கே இருந்தால், இனிமேல் நீங்கள் எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டீர்கள். அது எனக்கு நட்டம்."

அவர் என்னைப் பாராட்டியதென்று நான் வைத்திருப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அந்த அறிக்கை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடத்தில் சோதனை வேலை முழுவதையும் டுசல்டோர்ஃபில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் பட்டறையைப் பூட்டினார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அவரே வந்து சொன்னார். ஃபிராவ் லின்டெமன் வடக்கே கடற்கரைப் பக்கம் போனார். வருடத்துக்கு ஓர் அட்டை வரும், அவருடைய நேரான எழுத்தில் இரண்டு வரி. கோவால்ஸ்கி நித்திரையில் போய்விட்டார், வலது கண் பழுதில்லாமல். போன குளிர்காலத்தில் அட்டைக்குப் பதிலாகக் கறுப்புக்கரை போட்ட ஒரு மரண அறிவித்தல் வந்தது. ஃபிராவ் லின்டெமனின் தங்கை எழுதியிருந்தார். அதை வாசித்த பிறகுதான், அவரிடம் சொல்லவென்று வைத்திருந்த நன்றியை நான் ஓர் அட்டையிலும் எழுதவில்லை என்பது தெரிந்தது.

இவ்வளவும் எழுதியபின், அந்தப் பத்தியை இன்று ஒரு வெள்ளைத்தாளில் முறைப்படி நிரப்பினேன். பிழையின் காரணம்: பிழையான பாவனை விளக்கம். கொடுத்தவர்: ம. நாயகம். பேனையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறுக்கே கோடு போட யாரும் வரவில்லை.